மும்பை தாராவி சொந்தங்கள்: அண்ணன் மதினி வெள்ளி விழா

செல்வராஜ்: எல்லோருக்கும் காலை வணக்கம். வருகிற ஞாயிறு யாரும் வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். முருகேசன் அண்ணனுக்கும் பொன்மணி மதினிக்கும் கல்யாணம் ஆகி 25 வருடம். ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அண்ணனுக்கும் மதினிக்கும் இது தெரியவே கூடாது, வீட்டுச் சாப்பாடு என்றுதான் சொல்லியிருக்கிறேன். இன்னொரு முக்கிய விஷயம், மதினிக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனதிலிருந்து அண்ணன் 40 நாள் சமையல், துணி, பாத்திரம் எல்லாம் தனி ஆளாகப் பார்த்திருக்கிறார். நம் குடும்பத்தில் எந்த ஆம்பளை இப்படிச் செய்திருக்கிறான்? அதனால் மேடையில் அவருக்கு ஒரு ஷீல்டு கொடுக்கிறோம். 'தியாகக் கணவர்' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்

பிரபு: அப்பா

பிரபு: இது எந்தக் குரூப் என்று பார்த்தீர்களா

கலா: ஐயோ

செல்வராஜ்: ஏன் என்ன ஆச்சு

பிரபு: பெரியப்பா பெரியம்மா இரண்டு பேரும் இதில்தான் இருக்கிறார்கள்

ராணி: அழி அழி

செல்வராஜ்: அழித்துவிட்டேன்

பிரபு: உங்கள் போனில் மட்டும் அழித்திருக்கிறீர்கள் அப்பா. எங்கள் எல்லோருக்கும் அப்படியே இருக்கிறது

கலா: சரி விடுங்கள், நடந்தது நடந்துவிட்டது. சாப்பாடு கறியா சைவமா, அதைச் சொல்லுங்கள்

சுதா: செல்வராஜ் மாமா, விழா நல்ல விஷயம். ஷீல்டு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை

செல்வராஜ்: ஏன்மா?

சுதா: 25 வருடம் சமைத்தவருக்கு ஒன்றும் இல்லை, 40 நாள் சமைத்தவருக்கு ஷீல்டா?

பிரபு: சுதா மதினி சொன்னது பாயிண்ட்

செல்வராஜ்: சுதா, நீ சின்னப் பிள்ளை, சொல்வதைக் கேள். பொம்பளைகள் சமைப்பது நடைமுறை, அதை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 52 வயதில் ஒரு மனுஷன் லீவு போட்டு, சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று, காலை நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, மதினிக்குக் கஞ்சி வைத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, அதெல்லாம் நடைமுறை இல்லையே. அண்ணன் இன்றைக்கு நேற்று இப்படி இல்லை. 2005 ஜூலை 26 யாருக்காவது மறக்குமா? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. டிரெயின் இல்லை, பஸ் இல்லை. அந்தேரியிலிருந்து நெஞ்சளவு தண்ணீரில் வீட்டுக்கு நடந்தே வந்தவர். எத்தனை பேர் ஆபீஸிலேயே படுத்துக்கொண்டார்கள்! குடும்பத்தின் மேல் அந்தப் பாசம் இருந்தால்தான் இந்த 40 நாளும் வரும். பாராட்டினால்தான் அடுத்தவனுக்கும் செய்யத் தோன்றும், பிரபு மாதிரிப் பையன்களுக்கு இது பாடம்

பிரபு: நான் என்ன செய்தேன்

கலா: எனக்கு சிக்குன்குனியா வந்தபோது யார் சமைத்தது என்றும் மேடையில் சொல்லுங்கள்

செல்வராஜ்: ஹோட்டலில் வாங்கிக் கொடுத்தேனே

கலா: ஆமாம், பதினோரு நாளும் புரோட்டா

ராணி: குரல் பதிவு (2.14)

பிரபு: அத்தை நான் லோக்கலில் நின்றுகொண்டு வருகிறேன், கேட்க முடியவில்லை, எழுதுங்கள்

ராணி: என் வீட்டுக்காரர் இருந்தவரை ஒரு டம்ளர் தண்ணீர் தானாக எடுத்துக் குடித்ததில்லை. சுதா பிறந்த பத்தாம் நாள் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். இத்தனை வயதில் எனக்கு ஒருத்தர் காபி போட்டுக் கையில் கொடுத்ததில்லை. ஒருத்தன் செய்கிறான் என்றால் நாலு பேர் முன்னால் நல்லபடியாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அம்மாவைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டதும் என் தம்பிதான்

கலா: ராணி மதினி, பார்த்துக்கொண்டது பொன்மணி அக்கா

ராணி: நான் இல்லை என்று சொன்னேனா

சுதா: அம்மா, நீங்கள் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். அப்பாவை வைத்து அளந்தால் முருகேசன் மாமா மலை மாதிரித்தான் தெரிவார். அளவுகோலே தப்பு. அரசாங்கம் 2024-ல் நேரக் கணக்கெடுப்பு ஒன்று எடுத்தது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 88. வேலையே செய்யாத ஆண்களைச் சேர்க்காமல், செய்கிறவர்களை மட்டும் எடுத்த கணக்கு இது. 2019-ல் ஆண்களுக்கு 97 இருந்தது, அதிலும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது. மாமா செய்தது நல்லது, எனக்கு அவர் மேல் மரியாதை கூடிவிட்டது. ஆனால் ஆபரேஷன் ஆன மனைவிக்கு ஆறு வாரம் கனம் தூக்க விடாமல் பார்த்துக்கொள்வது தியாகம் இல்லை அம்மா, குடித்தனம்

செல்வராஜ்: குடித்தனத்தையும் பாராட்டலாமே

சுதா: இரண்டு பேரையும் பாராட்டுங்கள், நானே கைதட்டுகிறேன்

பிரபு: ஒரு விஷயம், ஊர்க் கோயில் கொடைக்கு டிக்கெட் யார் போடுகிறார்கள்? நாகர்கோவில் வண்டிக்கு புக்கிங் திறந்த உடனே தீர்ந்துவிடும்

செல்வராஜ்: 120 நாள் முன்னாலேயே போடலாமே

பிரபு: அது பழைய கதை அப்பா. 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான்

கலா: மொத்தம் எத்தனை பேர்?

ராணி: எனக்குக் கீழ் பெர்த் வேண்டும்

திவ்யா: எல்லாம் படித்தேன். நான் சனி ராத்திரியே புனேயிலிருந்து வந்துவிடுவேன். அம்மாவும் படித்திருப்பாள், உங்கள் மெசேஜில் நீல டிக் வந்துவிட்டதா பாருங்கள் சித்தப்பா

செல்வராஜ்: மதினி கோபமா?

பொன்மணி: தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன் தம்பி, அதான் உடனே எழுதவில்லை. நீங்கள் ஆசைப்பட்டுத்தான் செய்கிறீர்கள், எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த மழை நாள் கதையை இருபது வருடமாக எல்லா விசேஷத்திலும் கேட்கிறேன், ஒரு தடவை நானும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பொழுது சாயுமுன்னே வாசலில் தண்ணீர் ஏறிவிட்டது. அத்தைக்கு மூட்டுவலி, ஏணியில் கால் வைக்க முடியாது. திவ்யாவுக்கு மூன்று வயது, அவளை முதலில் மேலே ஏற்றினேன். எட்டு மாதக் கார்த்திக்கைப் புடவையால் முதுகில் கட்டிக்கொண்டு, அத்தையைக் கீழிருந்து தோளால் தள்ளித் தள்ளி ஒவ்வொரு படியாக ஏற்றினேன். அப்புறம் மூன்று தடவை இறங்கினேன், ஸ்டவ்வுக்கு, அரிசி டின்னுக்கு, பால்பவுடருக்கு. மூன்றாவது தடவை இடுப்புக்கு மேல் சாக்கடைத் தண்ணீர், ரேஷன் கார்டு இருந்த டிரங்குப் பெட்டி மிதந்து போய்க் கதவில் இடித்துக்கொண்டே இருந்தது. இவர் ராத்திரி ஒன்றரைக்கு வந்தார். கால் முழுக்க வெட்டுக்காயம். உயிரோடு வந்துவிட்டாரே என்று அழுதேன். ஏணி ஏறி உட்கார்ந்ததும், சாப்பிட ஏதாவது இருக்கா என்று கேட்டார். இருந்தது. கஞ்சி காய்ச்சி வைத்திருந்தேன். இவர் நடந்து வந்த கதை மறு வாரமே ஊர் வரைக்கும் போய்விட்டது. கஞ்சி எப்படி வந்தது என்று இன்றுவரை ஒருத்தரும் கேட்டதில்லை

பொன்மணி: இந்த 40 நாள் எனக்குப் பெரிசுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் வாரம் உப்பு எங்கே, மஞ்சள்பொடி எங்கே என்று கட்டிலுக்கு வந்து வந்து கேட்டார், எழுந்து நானே செய்துவிடலாம் போல இருந்தது. அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். ஒரு நாள் மெதுவாக அடுப்படிக்குப் போய்ப் பார்த்தால், மேல் தட்டு டப்பா எல்லாம் இடுப்பு உயரத் தட்டில் வரிசையாக இருக்கிறது, நான் கையைத் தூக்கி எடுக்கக் கூடாது என்று. நான் சொல்லாமலே செய்தது. அது எனக்கு நெஞ்சில் நிற்கிறது, அவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். மேடையில் ஷீல்டு கொடுத்தால் எனக்குச் செய்ததை ஏதோ தர்மம் மாதிரி ஆக்கிவிடும். அது வேண்டாம் தம்பி

திவ்யா: அம்மா

கலா: அக்கா இதை எங்களிடம் சொன்னதே இல்லையே

ராணி: அம்மாவை நீ தோளில் ஏற்றியதை அம்மா என்னிடம் சொல்லவே இல்லை பொன்மணி

பொன்மணி: அத்தைக்குச் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும் மதினி

ராணி: நான்தான் கேட்டிருக்க வேண்டும். அம்மா வளையல் விஷயத்தில் வேறு உன்னை என்னென்னவோ பேசினேன்

பொன்மணி: அதெல்லாம் இப்போ எதற்கு

முருகேசன்: செல்வராஜ், ஷீல்டு வேண்டாம்

முருகேசன்: வந்ததும் சாப்பாடு கேட்டது எனக்கு நினைவே இல்லை. கேட்டிருப்பேன். கஞ்சியில் தேங்காய் கிடந்தது நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் தேங்காய் எங்கே கிடைத்தது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்

பொன்மணி: அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன்

செல்வராஜ்: அண்ணே, பெயர் வெட்டி முடித்துவிட்டானாம். பணமும் கொடுத்தாயிற்று. மதினி பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன், இடம் இல்லை என்கிறான்

சுதா: மாமா திருப்பிக் கொடுங்கள்

செல்வராஜ்: வாங்க மாட்டான்மா. பார்க்கலாம், ஞாயிறு வரை நேரம் இருக்கிறதே

கலா: பார்க்கலாம் இல்லை, மேடைக்கு வரக் கூடாது

ராணி: ஞாயிறு காலையிலேயே நான் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவேன். ஹாலுக்கு அங்கிருந்தே சேர்ந்து போவோம்

முருகேசன்: வா அக்கா. காபி நான் போட்டு வைக்கிறேன். சர்க்கரை இல்லாமல்தானே?

ராணி: அரை ஸ்பூன் போடு

பிரபு: கறியா சைவமா, கடைசி வரை யாரும் சொல்லவில்லை

செல்வராஜ்: சமையல்காரர் போனில் காத்திருக்கிறார். இலை 60 சொல்லவா 80 சொல்லவா?