வண்டு போட்ட கோடு

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி பாலைவனத்தில், பில்பி கணக்கெடுப்புக்காகப் பூர்வகுடி ரேஞ்சர்களோடு சில வாரங்கள் சுற்றியிருக்கிறேன். முயல் மாதிரி நீண்ட காது கொண்ட, வளை தோண்டும் சின்ன விலங்கு பில்பி. 2 ஹெக்டேர் மணலை நடந்து பார்த்து, தடம், எச்சம், குழி எது கண்ணில் பட்டாலும் செயலியில் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று நினைத்துப் போனேன்.

முதல் நாளே ஒரு குழியைப் பார்த்து 'உடும்பு' என்று போட்டுவிட்டேன். கூட வந்த மூத்த ரேஞ்சர் (அங்கே பெரியவர்களை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள், எனக்கு அது ரொம்ப வசதி) ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து மணலைக் கையால் விலக்கினார். அடியில் அக்கேசியா வேர் பிளந்து கிடந்தது. உள்ளே புழு குடியிருந்த துளை காலி.

"உடும்பு வேரை உடைக்குமா?" என்றார்.

வேருக்குள் இருக்கும் புழுவுக்காகத் தோண்டியது பில்பி. பக்கத்திலேயே அதன் கால்தடம். சரி, இது 'புதியது' என்று அழுத்தப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தி, தடத்தின் மேலேயே ஒரு வண்டு ஊர்ந்து போன மெல்லிய கோட்டைக் காட்டினார். ராத்திரி திரியும் வண்டாம். பில்பி அதற்கு முன்பே போயிருக்கிறது. தடத்தின் விளிம்பு உதிர்ந்தது விடியற்காலைக் காற்றில். செயலியில் இருந்ததோ 'புதியது', 'பழையது' என்று இரண்டே பொத்தான்கள்.

நடுவில் ஊரில் ஒரு சாவு. துக்கம் முடியும்வரை வேலை கிடையாது. நிதிக்கணக்கு முடிக்கும் தேதியை நினைத்து நான்தான் புழுங்கினேன். அப்புறம் ஒரு விஷயம் தெரிந்தது: இறந்தவர் பெயரை உச்சரிக்கக்கூடாது. அவர் பெயர் எங்கள் பழைய பட்டியல்களில் இருந்தது. முதலில் அதை எடுத்தோம்.

அதே பாலைவனத்தில் 2020 முதல் 2023 வரை நுருர்பா என்ற பூர்வகுடி ரேஞ்சர் குழுவும் விஞ்ஞானிகளும் சேர்ந்து ஒலிப்பதிவுக் கருவிகள் வைத்ததில், 31 இடங்களில் 17-ல் இரவுக்கிளியின் குரல் கிடைத்தது. அபூர்வத்திலும் அபூர்வமான பறவை. கருவி எங்கே இருந்தாலும் பதியும். எந்தப் புல்திட்டில் வைப்பது என்பதற்கு நிலம் தெரிந்தவர் வேண்டும்.

அடுத்த பயணத்துக்குள் எங்கள் செயலியில் குரல்பதிவுப் பொத்தான் ஒன்று சேர்த்தோம். ஆன்ட்டியின் முதல் பதிவு நான்கு நிமிடம், முழுக்க அவர் மொழியில். பேத்திதான் மொழிபெயர்த்தாள். அதில் பாதி, பில்பியைத் தின்னும் பூனைகளுக்கு விழுந்த திட்டு.