லைனிங் வைத்த ஜிப் பர்ஸில் மூலை குழியுது, ஜிப் நெளியுது: எங்கே தப்பு?

நீலநூல் (கேள்வி)

வெளித்துணியும் லைனிங்கும் காட்டன். தலா 2 துண்டு, 9 இன்ச் அகலம், 7 இன்ச் உயரம். வெளித்துணிக்கு மட்டும் ஒட்டுக் கேன்வாஸ் (அயர்ன் பண்ணி ஒட்டுற விறைப்புத் துணி) கொடுத்திருக்கேன். நைலான் ஜிப், அதுவும் சரியா 9 இன்ச். எல்லாப் பக்கமும் கால் இன்ச் விட்டுத் தைக்கிறேன், 11ஆம் நம்பர் ஊசி.

திருப்பிப் பார்த்தா ஜிப் முடியுற ரெண்டு மூலையும் உள்ளே குழிஞ்சு, கட்டியா நிக்குது. பக்கத் தையல் போடும்போது அதே இடத்துல ஒரு ஊசி உடைஞ்சது. ஜிப் நேரா நிக்காம அலை அலையா இருக்கு. லைனிங் உள்ளே தொளதொளன்னு கிடக்கு. 3 பர்ஸ் தச்சாச்சு, மூணுலயும் இதே கதை.

பாபின்பெட்டி

மூலைக்குக் காரணம் உங்க கேள்வியிலேயே இருக்கு: துணியும் 9, ஜிப்பும் 9. அதனால ஜிப்போட நுனி பக்கத் தையலுக்குள்ளே போய் மாட்டிக்குது. அந்த இடத்துல வெளித்துணி, கேன்வாஸ், லைனிங், ஜிப் நாடா, பல்லு எல்லாம் ஒண்ணா மடங்கினா மூலை திரும்பவே திரும்பாது. ஊசி உடைஞ்சதும் அந்தப் பல்லுலதான்.

ஜிப் துணியை விட 1 இன்ச் குறைவா இருக்கணும். ரெண்டு நுனியிலும் துணிப் பட்டி கொடுங்க. 9 இன்ச் துணிக்கு இப்படி:

முதல்ல ரன்னரை நடுவுக்குக் கொண்டு வந்துடுங்க. இதை மறந்து வெட்டினா ரன்னர் கையோட வந்துடும். திறந்திருக்கிற நுனியில ரெண்டு நாடாவையும் ஒட்டி வச்சு கையால நாலு தையல் போடுங்க. அப்புறம் ஜிப்பை 8 இன்சுக்கு வெட்டுங்க. நைலான்னா சாதா கத்தரிக்கோல் போதும்.

பட்டிக்கு ஜிப் நாடா அகலத்துல, 3 இன்ச் நீளத்துல 2 துண்டு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு நுனியையும் அரை இன்ச் உள்ளே மடிச்சு அயர்ன் பண்ணுங்க, பிறகு நடுவுல மடிங்க. 1 இன்ச் நீளத்துல ஒரு வாய் கிடைக்கும். ஜிப் நுனியை அந்த வாய்க்குள்ளே கால் இன்ச் செருகி, வாய் ஓரத்துலேர்ந்து 1/8 இன்ச் தள்ளி, மெஷின் சக்கரத்தைக் கையால சுத்தித் தைங்க. ரெண்டு பக்கமும் முடிஞ்சா மொத்தம் 9½ இன்ச் வரும். பக்கத்துக்குக் கால் இன்ச் வெட்டி 9 ஆக்கிடுங்க. இப்போ கால் இன்ச் பக்கத் தையல் போட்டா ஜிப் நுனி தையல் கோட்டுக்குக் கால் இன்ச் உள்ளேயே நின்னுடும். ஊசி தொடுறது வெறும் துணியைத்தான்.

கத்தரிமுனை

பட்டியோட இன்னும் ரெண்டு விஷயம் சேர்ந்தாதான் மூலை சரியா நிக்கும்.

ஒண்ணு, கேன்வாஸ். துணி அளவுக்கே வெட்டாதீங்க. நாலு பக்கமும் கால் இன்ச் குறைச்சு, 8½-க்கு 6½ வெட்டி ஒட்டுங்க.

ரெண்டாவது, பக்கம் தைக்க வைக்கும்போது ஜிப் எந்தப் பக்கம் சாயுதுங்கிறது. பல்லு லைனிங் பக்கம் பார்க்கணும், தையல் விளிம்பு வெளித்துணிப் பக்கம் போகணும். மாறிப்போனா, பட்டி வச்சாலும் குழி விழும். கிளிப் போட்ட பிறகு அந்த மூலையை விரலால அழுத்திப் பாருங்க. மேடு லைனிங் பக்கம் தட்டுப்பட்டா சரி. தைக்கிறதுக்கு முன்னாடி ஜிப்பைப் பாதி திறக்கவும் மறக்காதீங்க, இல்லேன்னா திருப்ப வழியில்லை.

ஊசியை 14-க்கு மாத்துங்க. இத்தனை அடுக்குக்கு 11 தாங்காது.

ஓரத்தையல்

ஜிப் நெளியுறதுக்கு வரேன். ஜிப் நெளியுதா, துணி சுருங்கி நெளியுதான்னு முதல்ல பாருங்க. ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், காரணம் வேற.

துணி சுருக்கு விழுந்து ஜிப் நேரா இருந்தா, தைக்கும்போது ஜிப்பை இழுத்துப் பிடிச்சிருக்கீங்க. கையை எடுத்ததும் நாடா பழைய நீளத்துக்கு வந்து துணியைச் சேர்த்து இழுக்குது. துணி சமமா இருந்து ஜிப் மட்டும் அலையா நின்னா, துணி இழுபட்டுத் தைக்கப்பட்டு பிறகு சுருங்கியிருக்கு. துணி குறுக்கா வெட்டப்பட்டிருக்கலாம், இல்லேன்னா அலசாத காட்டனா இருக்கலாம். காட்டன் தண்ணி பட்டா சுருங்கும், நைலான் சுருங்காது. அதனால வெட்டுறதுக்கு முன்னாடியே துணியை நனைச்சு, காய வச்சு, அயர்ன் பண்ணிடுங்க.

தைக்கிற விதமும் முக்கியம். ஃபுட்டுக்கு (துணியை அழுத்திப் பிடிக்கிற பாதம்) அடியில இருக்கிற மெஷின் பல் அடித்துணியை முன்னே தள்ளும், மேலே இருக்கிறது பின்தங்கும். 9 இன்ச் போறதுக்குள்ளே வித்தியாசம் சேர்ந்துடும். ஜிப்பிலும் துணியிலும் நடுப்புள்ளி குறிச்சு, அதை முதல்ல சேர்த்து, நடுவுலேர்ந்து ஓரத்துக்குக் கிளிப் போடுங்க. நம்பிக்கை இல்லேன்னா கையால ஓட்டுத் தையல் போட்டுக்கோங்க; அஞ்சு நிமிஷ வேலை, பிரிக்கிற வேலையே வராது. ஜிப் தைக்கிறதுக்கான ஜிப் ஃபுட் மாட்டி, தையல் நீளம் 3 வைங்க. ரன்னர் கிட்ட வந்தா ஊசியைத் துணியில இறக்கி, ஃபுட்டைத் தூக்கி, ரன்னரைப் பின்னால தள்ளிட்டுத் தொடருங்க. ரன்னரைச் சுத்திப் போக நினைச்சா அந்த இடத்துல கோடு வளையும்.

திருப்பி மடிச்சதும் அயர்ன் பண்ணி, மடிப்புலேர்ந்து 1/8 இன்ச்ல மேல் தையல் போடுங்க. இது இல்லேன்னா லைனிங் ரன்னர்ல மாட்டும். நைலான் பல்லு மேல அதிக சூடு வேண்டாம், மேலே ஒரு துணி போட்டுத் தேய்ங்க.

பாபின்பெட்டி

லைனிங் தொளதொளன்னு இருக்கிறதுக்கு: உள்ளே போறது கொஞ்சம் சின்னதா இருக்கணும். வெளித்துணிக்குக் கால் இன்ச்னா லைனிங் பக்கத்துக்கும் அடிக்கும் 3/8 இன்ச் விட்டுத் தைங்க. ஜிப் கிட்ட மட்டும் கால் இன்ச்லயே ஆரம்பிச்சு, 1 இன்ச் தூரத்துல மெல்ல 3/8-க்கு வாங்க. லைனிங் அடியில திருப்ப 4 இன்ச் தைக்காம விடுங்க, வாயோட ரெண்டு முனையிலும் முன்பின் தையல் போடுங்க.

நீலநூல்

பட்டி வச்சுத் தச்சேன், ஜிப் நேரா வந்துடுச்சு. ஒரு மூலை அருமையா நிக்குது, இன்னொண்ணுல இன்னும் லேசா குழி. பட்டி தைக்கும்போது அடியில நூல் கூடு மாதிரி சிக்குது. பழைய 3 பர்ஸைச் சரிபண்ண முடியுமா?

கத்தரிமுனை

அடியில சிக்கினா பெரும்பாலும் மேல் நூல்தான் காரணம். ஃபுட்டைத் தூக்கி வச்சுட்டு நூலை முதல்லேர்ந்து கோர்த்துடுங்க. ஃபுட் இறங்கியிருந்தா டென்ஷன் தட்டுக்குள்ளே நூல் உட்காராது. முதல் நாலு தையலுக்கு ரெண்டு நூல் வாலையும் பிடிச்சுக்கோங்க. பட்டி சின்னது, ஊசி இறங்குற ஓட்டைக்குள்ளே இழுபடும். முதல்ல ஒரு துண்டுத் துணியில தச்சு, வெட்டாம அப்படியே பட்டிக்கு வாங்க.

அந்த ஒரு மூலையில விளிம்பு லைனிங் பக்கம் சாய்ஞ்சிருக்கும். உள்ளே விரல் விட்டு வெளித்துணிப் பக்கம் தள்ளி, மழுங்கின குச்சியால மூலையை வெளியே எடுங்க. கத்தரிக்கோல் முனையால குத்தாதீங்க, தையல் கிழியும்.

பழைய பர்ஸ்ல லைனிங் அடித் தையலைப் பிரிச்சு உள்பக்கம் திருப்புங்க. ஜிப் ரெண்டு நுனியிலும் பக்கத் தையலை 1½ இன்ச் பிரிங்க. பட்டி வைக்க இனி இடமில்லை. தையல் கோட்டுக்கு வெளியே நிக்கிற நாடாவையும் பல்லையும் மட்டும் வெட்டி எடுத்துட்டு, ஜிப்பை லைனிங் பக்கம் சாய்ச்சு, அதே கோட்டுல கையால சக்கரம் சுத்தி ரெண்டு தடவை தைங்க. புதுசு மாதிரி கூரா வராது, ஆனா கட்டி போயிடும். துணி நெளியுறதை மட்டும் இப்படிச் சரிபண்ண முடியாது, அதுக்கு ஜிப்பையே பிரிச்சாகணும்.