ஆல்ட்டோ சாக்ஸபோனில் மேல் ஜி சுரத்தை எட்ட வழிகாட்டுங்கள்

குழுவிலுள்ள இசை ஆசிரியர்களுக்கும் கலைஞர்களுக்கும் வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கும் நான் நான்கு ஆண்டுகளாக ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்து வருகின்றேன். கருவியின் கடைசிச் சாவியான எஃப் ஷார்ப் வரை ஒலி சுத்தமாக வருகின்றது; அதற்கு மேலுள்ள ஜியைத் தொட முற்படும்போதெல்லாம் ஒலி ஒன்றில் கீழே விழுந்துவிடுகின்றது, அல்லது கிறீச்சிட்டு உடைந்துவிடுகின்றது.

இச்சுரங்களுக்கு விரலமைப்பு மட்டும் போதாது என்பதையும், ஒரே குழாய்க்குள் பிறக்கும் மேற்சுரங்களை நாக்கின் நிலையாலும் தொண்டையின் வடிவாலும் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதையும் அறிவேன். ஆகவே எல்லாத் துளைகளையும் மூடி, ஆகக் கீழுள்ள பி ஃபிளாட்டைப் பிடித்தவாறே, விரலை அசைக்காமல் மேல் பி ஃபிளாட், அதன்பின் எஃப் என ஏறிப் பழகுகின்றேன். அதற்கடுத்த பி ஃபிளாட்டில் என் கீழுதடு தானாகவே ரீட்டை (ஊதுவாயில் பொருத்தும், அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய தகட்டை) நெரிக்கின்றது; பயிற்சி முடிந்ததும் உதட்டின் உட்புறத்தில் பல் பதிந்த தடம் தெரிகின்றது. கடிப்பதுதான் பிழை என்பது விளங்குகின்றது. கடிக்காமல் காற்றை எவ்வாறு விரைவுபடுத்துவது என்பதுதான் விளங்கவில்லை.

கத்ரி கோபால்நாத் இதே ஆல்ட்டோவில் கர்நாடக இசையின் கமகங்களைக் கொண்டுவந்ததைக் கேட்டே இக்கருவியைக் கையிலெடுத்தவன் நான் ஆதலால், இதனை அரைகுறையாக விட மனமில்லை.

2½ எண் ரீட்டிலிருந்து அதைவிட விறைப்பான 3ஆம் எண் ரீட்டுக்கு மாறுவது உதவுமா? ஜியை முதலில் தேடாமல், அதற்கு மேலுள்ள ‘ஏ’ சுரத்தைப் பிடித்து இறங்கிப் பழகலாமா? மட்டக்களப்பிலோ கல்முனையிலோ நேரில் கேட்டுத் திருத்தக்கூடியவர் எவரேனும் இருப்பின் தயவுசெய்து தெரிவியுங்கள். சனிக்கிழமைகளில் கருவியுடன் வர என்னால் முடியும்.