நீல. பத்மநாபனின் நாவல்கள் எங்கள் வீட்டுக்குள் வந்த விதம்

கேரள எல்லை ஊரான பாறசாலையிலிருந்து ஒரு வாசகர்:

என் ஆச்சி இரணியலில் பிறந்து, அந்த ஊரும் பாறசாலையும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த காலத்தில் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது அவருடைய தாய்வீடு, இன்று தமிழ்நாடு எனப்படும் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. புகுந்த வீடு கேரளத்தில் நின்றது. நீல. பத்மநாபன் அதே இரணியலில் 1938-இல் பிறந்தவர் என்று அறிந்துதான் 'தலைமுறைகள்' நாவலை வாங்கி, கண்பார்வை மங்கிய ஆச்சிக்கு மாலைதோறும் வாசித்துக் காட்டினேன். 1968-இல் வெளிவந்த அந்நாவலின் பேச்சுவழக்கு கடினமானது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு. ஆச்சிக்கோ, நான் திருத்தமான தமிழாக்கி வாசித்த இடங்கள்தாம் விளங்கவில்லை. கணவன் வீட்டார் பழி சுமத்தித் திருப்பி அனுப்பிய நாகம்மையின் பகுதி வந்ததும் நிறுத்தச் சொன்னார். தம்முடைய அக்காள் ஒருத்தி அவ்வாறே திரும்பி வந்து அடுக்களையிலேயே காலத்தைக் கழித்ததை, என் தந்தைகூட அதுவரை கேட்டிராத அந்தக் கதையை, குரல் மாறாமல் சொல்லி முடித்துவிட்டு, "இனி வாசி, மக்களே" என்றார்.

திருவனந்தபுரம் கரமனையிலிருந்து இன்னொரு வாசகர்:

எனக்கு வாய்த்தது 'உறவுகள்'. மருத்துவமனையில் கிடக்கும் தந்தையைச் சுற்றி மகனின் நினைவுகள் விரியும் அந்தப் பெரிய நாவலை இளமையில் பாதியில் மூடிவைத்தேன். இத்தனை உறவினர்களும் இத்தனை பழங்கதைகளும் எதற்கு என்று தோன்றியது. பிறகு என் தந்தை நோயுற்று, பதினோரு நாள்கள் மருத்துவமனையின் நடைபாதையில் பிளாஸ்க்கும் போர்வையுமாக இருந்தபோது, நாகர்கோவிலிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள், என்றோ நடந்த பாகப்பிரிவினையையும் கொடுக்காமல் விட்ட கல்யாண அழைப்பையும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்லர். அழுவதற்கு முன் அவர்களுக்குப் பேச வேண்டியிருந்தது, அவ்வளவே. அப்பாவின் காரியங்கள் முடிந்தபின் அந்நூலைத் தேடி எடுத்து, விட்ட இடத்திலிருந்து அல்லாமல் முதலிலிருந்தே படித்தேன். இன்றும் சில பக்கங்களைக் குறைத்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் எந்தப் பக்கங்களை என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

திருவனந்தபுரம் சாலைத் தெருவிலிருந்து மூன்றாம் வாசகர்:

முதுமையைப் பேசும் 'இலையுதிர் காலம்' 2007-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. என் மனம் என்னவோ 1970-இல் வந்த 'பள்ளிகொண்டபுர'த்திலேயே நிற்கிறது. மனைவி விட்டுப்போன அனந்தன் நாயர், பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிய இந்த நகரத்தில் தம் இழப்பைச் சுமந்து நடக்கும் கதை அது. தமிழில் எழுதும் ஒருவர் ஒரு மலையாளக் குடும்பத்தின் துயரத்தை இவ்வளவு அருகிலிருந்து எழுதியதை, தமிழ் படிக்கத் தெரியாத என் அலுவலக நண்பரான ஒரு நாயரிடம், கிழக்கேகோட்டையில் பத்மதீர்த்தக் குளத்தின் ஓரமாக நடந்தபடியே ஒரு மாலை சொன்னேன். எழுதியவர் உங்கள் ஆளா, எங்கள் ஆளா என்று அவர் கேட்டார். கேரள மின்வாரியத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர், மலையாளத்திலும் எழுதுகிறவர் என்று மட்டும் சொன்னேன். சற்றுத் தூரம் பேசாமல் வந்த நண்பர், அனந்தன் நாயருடைய வீடு எந்தத் தெருவில் என்று விசாரித்தார்.