புதுப்பிப்பு: விலையை மறைத்த ஒட்டுச்சீட்டு

சிகிச்சையகத்தை ஒட்டிய மருந்துக்கடையில் அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை அட்டைக்கு 142 ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது தர மறுத்ததையும், விலையின் மேலிருந்த ஒட்டுச்சீட்டை நகத்தால் சுரண்டியபோது அடியில் 96 ரூபாய் என்று அச்சிட்டிருந்ததையும் சென்ற மாதம் எழுதியிருந்தேன்.

அந்த அட்டையுடன் மருந்து ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் அளித்தேன். அவர் கடைக்கு நேரில் சென்று, அதேபோல் சீட்டு ஒட்டிய அட்டைகளைக் கைப்பற்றியிருக்கிறார். மருந்து லேபிளில் அச்சிட்டதை மாற்றவோ அழிக்கவோ கூடாது என 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளும், குறித்த விலைக்கு மேல் விற்கக் கூடாது, உதிரியாக வெட்டிக் கொடுத்தாலும் விகிதப்படியே வாங்க வேண்டும் என 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணையும் கூறுவதை அவரிடமே அறிந்தேன்.

எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கண் தெரியாத முதியவர்களே அங்கு அதிகம் வருகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. விளக்கம் கேட்டுக் கடைக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டுள்ளது.