முன்கூட்டியே கதை எழுதாமல் மேசைப் பாத்திர விளையாட்டை நடத்துவது எப்படி?

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி:
வணக்கம். கோலாலம்பூரில் எங்கள் சிறு குழு வார இறுதிகளில் கூடித் தமிழில் பாத்திர விளையாட்டு ஆடுகிறது: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிச் சேர்ந்தே கதையை வளர்ப்போம். சூழலையும் மற்ற ஆட்களையும் கையாளும் நடத்துநர் பொறுப்பு என்னுடையது. இப்போதைய கதை 1867 ஆகஸ்டில் பினாங்கில் இரகசியச் சங்கங்களுக்கிடையே மூண்ட கலவரத்துக்குச் சில வாரங்கள் முன்பு தொடங்குகிறது. விளையாட்டாளர்கள் துறைமுகக் கூலி, செட்டியார் கடைக் கணக்கர், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஆகிய பாத்திரங்களை ஏற்றுள்ளனர். நான் எழுதிக்கொண்டு வரும் காட்சிகளை விட்டுவிட்டு அவர்கள் வேறு பக்கம் போய்விடுகிறார்கள். உண்மையில் அந்தப் பக்கம்தான் சுவையாகவும் இருக்கிறது. ஆகவே அவர்கள் போக்கிலேயே நடத்த விரும்புகிறேன். ஆனால் வெறுங்கையோடு உட்கார்ந்தால் ஆட்டம் ஓரிடத்திலேயே சுற்றாதா? கலவரம் வெடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்போது கதை எப்படித் திறந்ததாக இருக்கும்?

ஜார்ஜ்டவுன் பகடை:
ஐயா, காட்சிகளைத் தயார் செய்யாதீர்கள்; ஆட்களின் நோக்கங்களைத் தயார் செய்யுங்கள். உங்கள் காலகட்டம் அதற்கு நன்றாக இடங்கொடுக்கிறது. ஒரு பக்கம் கீ ஹின் என்ற சீனச் சங்கமும் அதனோடு சேர்ந்த வெள்ளைக் கொடி என்ற முஸ்லிம் சங்கத்தினரும், மறுபக்கம் துவா பெக் கோங் என்ற சீனச் சங்கமும் அதனோடு சேர்ந்த சிவப்புக் கொடி என்ற முஸ்லிம் சங்கத்தினரும் இருந்தனர். ஒவ்வொரு தரப்புக்கும் கற்பனையாக ஓர் ஆளை உருவாக்கி, அவருக்கு என்ன வேண்டும், யாரும் குறுக்கிடாவிட்டால் அடுத்து என்ன செய்வார் என்று இரண்டே வரி எழுதுங்கள். அந்த இரண்டாவது வரிதான் ஆட்டத்தை நகர்த்தும். விளையாட்டாளர்கள் தயங்கி நிற்கும் வேளையில் அந்த ஆள் அதைச் செய்துவிடுவார், அவர்கள் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கலவரத்துக்கு ஒரு கடிகாரம் வரையுங்கள். 2017இல் வெளிவந்த பிளேட்ஸ் இன் தி டார்க் விளையாட்டில் உள்ளதுபோல வட்டத்தை எட்டுத் துண்டாகப் பிரித்து, பதற்றம் கூடும்போதெல்லாம் எல்லாரும் பார்க்க ஒரு துண்டை நிரப்பினால் போதும். வட்டம் நிரம்பினால் தெருவில் சண்டை. அது ஏறத்தாழப் பத்து நாள் நீடித்தது என்பது வரலாறு. அந்தப் பத்து நாளில் உங்கள் கணக்கர் யாருடைய கதவைத் திறப்பார் என்பதை எந்த ஆவணமும் தீர்மானிக்கவில்லை. திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

இருபகடை:
முன்னவர் சொன்னது சரி, ஆனால் கடிகாரங்கள் பெருகினால் நடத்துநர் எழுத்தராகிவிடுவார், ஒன்றோடு நிறுத்துங்கள். மற்றதைப் பகடையிடம் விடலாம். 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் விளையாட்டின் முறை எனக்குப் பிடித்தமானது: இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டினால், 10க்கு மேற்பட்டோ சமமாகவோ வந்தால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 வரை வந்தால் நடக்கும் ஆனால் ஒரு விலை உண்டு, 6க்குள் வந்தால் நடத்துநர் சிக்கலைக் கொண்டுவருவார். பாத்திரத்தின் திறமைக்காகச் சேர்க்கும் கூடுதல் புள்ளி இல்லாத நிலையில் 36இல் 15 வாய்ப்பு அந்த நடுத்தட்டில் விழுகிறது. கூலி சரக்குக் கிடங்குக்குள் நுழைந்துவிட்டார், ஆனால் மேஸ்திரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டார் என்றால் அடுத்த காட்சி தானாகவே பிறந்துவிட்டது. வென்றாலும் தோற்றாலும் எதுவும் மாறாத இடத்தில் மட்டும் உருட்டச் சொல்லாதீர்கள்.

கேள்விகளை விளையாட்டாளர்களிடமே திருப்பிப் போடுங்கள். "கணக்கரே, கடையின் பின்கதவு எந்தச் சந்தில் திறக்கிறது?" என்றால் அவரே ஊரைக் கட்டித் தருவார். கொலை, களவு போன்ற துப்பறியும் இழை இருந்தால் மட்டும் செய்தவர் யார் என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். அதையும் போகிறபோக்கில் மாற்றினால், அவர்கள் சேகரித்த துப்புகளுக்குப் பொருளே இராது.

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: வாராவாரம் யாராவது ஒருவர் வருவதில்லை. அப்போது என்ன செய்வது?

ஜார்ஜ்டவுன் பகடை:
ஒவ்வொரு அமர்வையும் எல்லாரும் திரும்பி வரும் ஓர் இடத்தில் முடியுங்கள். படகுத்துறைச் சாப்பாட்டுக் கடை போதும். கிடங்குக்குள் நுழைந்த காட்சியின் நடுவில் நிறுத்தினால்தான் வராதவர் சிக்கலாகிறார். இன்னொன்று, இது இன்றும் வாழும் சமூகங்களின் முன்னோர் கதை. எந்தக் காட்சிகளை மேசையில் விரிவாக நடிக்கக்கூடாது என்று முதல் அமர்வுக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். எழுதிவைத்த கதை இல்லாத ஆட்டத்தில் அது எப்போது எதிர்ப்படும் என்று நடத்துநருக்கும் தெரியாது.