குடலிறக்கம் என்கிறோம், இறங்கியிருப்பது சினைப்பை

குழந்தைகள் அறுவை மருத்துவர்:
பெண் குழந்தையின் கவட்டில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. வலியில்லை, தொட்டால் நழுவும், உள்ளே மட்டும் போகாது. நெறிக்கட்டி என்று சொல்லி ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்து அனுப்புவது இன்னும் நடக்கிறது. கவட்டில் மூடாமல் விட்டுப்போன வாய் வழியே வயிற்றின் உள்சவ்வு பைபோல் வெளியே வருவதுதான் குடலிறக்கம். கைக்குழந்தைக்கு அந்தப் பையில் இப்படி வெளியிலேயே நிற்பது பெரும்பாலும் சினைப்பை. அதைப் பலமாக அழுத்தித் தள்ளக் கூடாது, நசுங்கும். காம்பு முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். குழந்தை சிரித்து விளையாடினாலும் சில நாட்களுக்குள் ஆபரேஷனை முடித்துவிடுவது நல்லது. கட்டி சிவந்து வீங்கி, தொட்டதும் அலறினால் அன்றே. வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தால் சிக்கியது குடல். பால்கூடக் கொடுக்காமல் கொண்டுவர வேண்டும்.

அழும்போது மட்டும் தெரியும் கட்டி என்றால் அம்மா போனில் ஒரு படம் எடுத்து வைக்கட்டும். பரிசோதனை மேசையில் அது ஒளிந்துகொள்ளும்.

லேப்ராஸ்கோப்பி (துளைவழி அறுவை) மருத்துவர்:
பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷன் எளிது. ஆண் பிள்ளைகளுக்கு விந்துக்குழாயையும் விரை ரத்தக்குழாய்களையும் விலக்கித்தான் தையல் ஓட்ட வேண்டும். இங்கே அந்தப் பயம் இல்லை. கருப்பையிலிருந்து கவட்டுக்கு வரும் வட்டத் தசைநாரையும் சேர்த்தே கட்டிவிடலாம். 1997லேயே எல்-கோஹரி என்ற மருத்துவர் பெண் குழந்தைகளுக்கு உள்ளிருந்தே பையைக் கட்டும் முறையை எழுதிவிட்டார்.

அவர் வழி இது: தொப்புளில் கேமரா, பக்கத்தில் 3 மி.மீ. கிராஸ்பர் (பிடிக்கும் கருவி). பையின் அடியைப் பிடித்து, சட்டைக் கையை உள்பக்கமாகத் திருப்புவதுபோல் வயிற்றுக்குள் இழுத்து, முறுக்கி, அடியில் சுருக்குக் கயிறு போட்டு இறுக்குவது. சறுக்குவது ஒரே இடத்தில்தான்: கருக்குழாய் பையின் சுவரோடு ஒட்டியிருக்கும். அதைப் பார்க்காமல் சுருக்கை இறுக்கினால் குழாயும் உள்ளே மாட்டும். சினைப்பை, குழாய் இரண்டும் தனியாக விலகி நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே முடிச்சு. ஒட்டியிருந்தால் சுருக்கை விட்டுவிட்டு வாய் வளையத்தைத் தையலால் மூட வேண்டும்.

இன்னொரு மருத்துவர்:
அதற்கு 2006ல் போலந்து மருத்துவர் பட்கோவ்ஸ்கி எழுதிய ஊசி முறை வசதி. வாய்க்கு நேர் மேலே தோலில் 2 மி.மீ. கீறல். 18 கேஜ் ஊசியில் நூலை வளையமாகக் கோத்து, வயிற்றின் உள்சவ்வுக்கு அடியிலேயே பாதி வாயைச் சுற்றி வந்து வளையத்தை உள்ளே விட வேண்டும். அதே துளை வழியாக மறுபாதியையும் சுற்றி நூல் முனையை அந்த வளையத்துக்குள் நுழைத்து வெளியே இழுத்தால் முழு வட்டம். இறுக்குமுன் கவட்டைக் கையால் அழுத்தி, வயிற்றுக்குள் விட்டதில் பைக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற மறக்கக் கூடாது.

மறுபடி இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் தையல்காரரே: வட்டத்தில் விட்ட இடைவெளி, சதையையும் சேர்த்துப் பிடித்துப் பிறகு தளர்ந்த முடிச்சு, சீக்கிரம் கரையும் நூல். கரையாத 2-0 நூல்தான் என் தேர்வு. அதன் விலை, தோலுக்கடியில் எப்போதாவது வரும் முடிச்சுப் புண். கீறலில் சிறு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை (இடுக்கி) விட்டுத் தோலை விலக்கி முடிச்சை ஆழத்தில் உட்கார வைத்தால் அது குறையும். ஊசி ரத்தக்குழாயில் பட்டால் பதறாமல் வெளியே எடுத்துச் சற்று அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

கேமரா உள்ளே போனதும் முதல் வேலை கருப்பையையும் இரு சினைப்பைகளையும் தேடுவது. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குக் கருப்பையே இருக்காது. பையில் இருப்பது விரையாக இருக்கும். அப்போது எதையும் வெட்டி எடுக்காமல், குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுப் பெற்றோரிடம் நிதானமாகப் பேச வேண்டும். மறுபக்க வாயும் திறந்திருந்தால் அதே மயக்கத்தில் மூடிவிடலாம். திறந்த வாயெல்லாம் குடலிறக்கமாக மாறாது, அது உண்மை. ஆனாலும் பெண் குழந்தைக்கு மூடுவதில் இழப்பு சொற்பம்.

மயக்கவியல் மருத்துவர்:
திட உணவுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4. ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழையுமுன் சிறுநீர்ப்பை காலியாக வேண்டும். நிறைந்த பை ஊசியின் பாதையில் வந்து நிற்கும். கைக்குழந்தைக்கு வயிற்றுக்குள் விடும் காற்றின் அழுத்தம் 6 முதல் 8 மி.மீ. பாதரசம் போதும். குறைமாதக் குழந்தையானால் பிறந்தபோது இருந்த கர்ப்ப வாரத்தோடு இப்போதைய வயதை வாரக்கணக்கில் கூட்டிப் பாருங்கள். 60 வாரத்துக்குள் இருந்தால் ஓர் இரவு மானிட்டரில் வைக்காமல் அனுப்பாதீர்கள், மூச்சு நின்றுபோகும் அபாயம் உண்டு.

வார்டு செவிலியர்:
மற்ற குழந்தைகள் பெரும்பாலும் அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம். பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., 6 மணிக்கொருமுறை. வீட்டில் இருக்கும் சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி.-ஆ 250 மி.கி.-ஆ என்று பாட்டிலைப் பார்த்து மி.லி. எழுதிக் கொடுக்கிறோம்; குழப்பம் அங்கேதான் வருகிறது. தோள் வலிக்கிறது என்றால் அது உள்ளே விட்ட காற்றால், ஓரிரு நாளில் போய்விடும். தொப்புளில் மஞ்சள், எண்ணெய் வேண்டாம் என்று பாட்டியிடமே நேராகச் சொல்லிவிடுவது நல்லது. கவட்டில் விரலுக்கு நெருடுவது முடிச்சு. அழும்போது அது பெரிதானாலோ, தொப்புளில் சீழ் வந்தாலோ, காய்ச்சல் விடாவிட்டாலோ மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் வாருங்கள்.